கேமிங் கணினிக்கு எதை மாற்றுவது: பிராசசரா, கிராபிக்ஸ் கார்டா?

கேம் திணற ஆரம்பித்ததும் பெரும்பாலோர் நேராகப் புதுக் கிராபிக்ஸ் கார்டு பார்க்கப் போய்விடுகிறார்கள். பல நேரம் அது சரியான முடிவாகவும் அமைந்துவிடும். ஆனால் சில கணினிகளில் எவ்வளவு பெரிய கார்டைச் செருகினாலும் ஃபிரேம் எண்ணிக்கை, அதாவது விநாடிக்குத் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை, இருந்த இடத்திலேயே நிற்கும். அங்கே மூச்சு முட்டுவது பிராசசருக்கு. கார்டு சும்மா காத்துக்கொண்டிருக்கும். எதை வாங்குவது என்று யோசிப்பதற்கு முன் எது தடுக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். அதற்கு ஒரு மாலை நேரம் போதும், காசு செலவில்லை.

யார் என்ன வேலை செய்கிறார்கள்

ஒவ்வொரு ஃபிரேமும் இரண்டு கைகளைக் கடந்து வருகிறது. முதலில் பிராசசர்: நீங்கள் அழுத்திய விசை என்ன, எதிரி எங்கே நகர்ந்தான், உடைந்த சுவர் எந்தப் பக்கம் சரிகிறது, எந்தெந்தப் பொருளை வரைய வேண்டும் என்றெல்லாம் கணக்குப் போட்டு, வரைய வேண்டியவற்றின் பட்டியலைக் கிராபிக்ஸ் கார்டுக்கு அனுப்புகிறது. கார்டு அந்தப் பட்டியலை வாங்கி ஒளி, நிழல், பிரதிபலிப்பு எல்லாம் சேர்த்து ஒவ்வொரு பிக்சலுக்கும் நிறம் தீட்டுகிறது.

விநாடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமென்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிவிநாடி. 144 வேண்டுமென்றால் 6.9 மில்லிவிநாடிதான். இரண்டும் ஒரே நேரத்தில் அடுத்தடுத்த ஃபிரேம்களில் வேலை செய்துகொண்டிருப்பதால், இரண்டில் மெதுவானது எதுவோ அதன் வேகம்தான் திரையில் தெரியும். உங்கள் பிராசசருக்கு ஒரு ஃபிரேமுக்கு 10 மில்லிவிநாடி ஆகிறது, கார்டுக்கு 6 ஆகிறது என்று வையுங்கள். கிடைப்பது விநாடிக்கு 100 ஃபிரேம். இரு மடங்கு வேகமான கார்டு வாங்கி அந்த 6-ஐ 3 ஆக்கினாலும் அதே 100தான்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ரெசல்யூஷனைக் கூட்டினால் சுமை ஏறுவது கிட்டத்தட்ட முழுக்கக் கார்டின் மேல்தான். 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள், 1440பி திரையில் சுமார் 36.9 லட்சம், 4கே திரையில் சுமார் 83 லட்சம். எத்தனை பிக்சலானாலும் எதிரியின் நடமாட்டத்தைக் கணக்கிடும் வேலை பிராசசருக்கு மாறுவதில்லை. கீழே வரும் சோதனையே இதை வைத்துத்தான்.

அளந்து பார்ப்பது

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். வேறு நிறுவனத்தின் கார்டாக இருந்தாலும் வேலை செய்யும். கூடவே ரிவாட்யூனர் என்ற துணை மென்பொருளும் வரும். விளையாடும்போதே திரை ஓரத்தில் எண்களைக் காட்டுவது அதுதான். செட்டிங்ஸில் போய் இவற்றைத் திரையில் காட்டச் சொல்லுங்கள்: கார்டின் பயன்பாட்டுச் சதவீதம், கார்டின் வெப்பநிலை, கார்டின் நினைவக அளவு, பிராசசரின் ஒவ்வொரு த்ரெட்டின் (அது ஒரே நேரத்தில் ஓட்டும் வேலை வரிசைகளில் ஒன்றின்) பயன்பாடு, பிராசசர் வெப்பநிலை, ரேம், ஃபிரேம் எண்ணிக்கை, ஃபிரேம் நேர வரைபடம். திரையின் கால்வாசி எண்களால் நிரம்பிவிடும், பரவாயில்லை.

கேமுக்குள் வி-சிங்கையும் (மானிட்டரின் வேகத்தோடு ஃபிரேமைப் பொருத்தும் வசதி) ஃபிரேம் வரம்பையும் அணைத்துவிடுங்கள். அவை ஓடிக்கொண்டிருந்தால் கார்டு வேண்டுமென்றே மெதுவாக ஓடும், எண்கள் உங்களை ஏமாற்றும். அப்புறம் உங்களை உண்மையிலேயே எரிச்சல்படுத்தும் இடத்துக்குப் போய்க் கால் மணி நேரமாவது விளையாடுங்கள். கேமின் முதல் காட்சியில் நின்றுகொண்டு அளப்பதில் பயனில்லை. கூட்டமான சந்தை, பெரிய சண்டை, வேகமாக வண்டி ஓட்டும் நேரம், இவைதான் கணினியைப் பதம் பார்க்கும்.

கார்டின் பயன்பாடு 95 முதல் 99 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு நின்றால் தடை கார்டுதான். அது 60, 70 என்று கிடந்து, ஃபிரேம் எண்ணிக்கையும் உங்களுக்குப் போதாமல் இருந்தால் சந்தேகம் பிராசசர் பக்கம் திரும்ப வேண்டும்.

புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. திரையில் இப்படித் தெரிகிறது: கார்டு 62 சதவீதம், பிராசசர் 38 சதவீதம், ஃபிரேம் 84. இரண்டுமே நிறையவில்லையே, அப்புறம் ஏன் 84-க்கு மேல் போகவில்லை? பிராசசரின் 38 என்பது எல்லா த்ரெட்களின் சராசரி. 6 கோர் (கணக்குப் போடும் தனித்தனிப் பிரிவு), 12 த்ரெட் கொண்ட பிராசசரில் ஒரே ஒரு த்ரெட் முழுக்க நிரம்பினாலும் மொத்தக் கணக்கில் அது 8 சதவீதமாகத்தான் தெரியும். பல கேம்களில் முக்கியமான வேலை ஒன்றிரண்டு த்ரெட்களின் தலையில்தான் விழுகிறது. அதனால் தனித்தனி த்ரெட்களைப் பாருங்கள். ஒன்று 95-ஐத் தாண்டி நிற்கிறதென்றால் விடை கிடைத்துவிட்டது. சில நேரம் விண்டோஸ் அந்த வேலையைக் கோருக்குக் கோர் மாற்றிக்கொண்டே இருப்பதால் இதுகூடத் தெளிவாகத் தெரியாது. அதனால்தான் இரண்டாவது சோதனை.

அதே இடத்தில் நின்றுகொண்டு ரெசல்யூஷனை ஒரேயடியாகக் குறையுங்கள். 1440பி என்றால் 720பி-க்கு இறக்குங்கள். படம் கொடூரமாக இருக்கும், பார்க்க வேண்டியது எண்ணை மட்டும்தான். ஃபிரேம் எண்ணிக்கை 70-லிருந்து 130-க்குத் தாவினால் கார்டு தான் தடை. 70-லிருந்து 73-க்கு நகர்ந்தால் எந்தக் கார்டு வாங்கினாலும் அந்த 73-ஐச் சுற்றித்தான் வட்டமடிப்பீர்கள். இந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிராசசர் அந்தக் கேமில் தரக்கூடிய உச்சம் அதுதான்.

மூன்று நான்கு கேம்களில் இதைச் செய்து பாருங்கள். வேலரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 போன்ற போட்டி கேம்களில் குறைந்த செட்டிங்ஸில் பிராசசர்தான் பெரும்பாலும் தடையாக இருக்கும். சைபர்பங்க் 2077-ஐ ரே டிரேசிங்கோடு (ஒளிக்கதிர் போகும் வழியையே கணக்கிட்டு வரையும் முறை) ஓட்டினால் கார்டு தவிக்கும். நகரம் கட்டும் கேம்களும் விமானம் ஓட்டும் கேம்களும் இரண்டையுமே வதைக்கும். நீங்கள் அதிகம் விளையாடும் கேம் எதுவோ அதற்குத்தான் வாங்க வேண்டும். எப்போதோ ஒரு நாள் விளையாடப்போகும் கேமுக்காகப் பணத்தைக் கொட்டாதீர்கள்.

செலவில்லாமல் தீரும் சிக்கல்கள்

வாங்குவதற்கு முன் இவற்றையும் பார்த்துவிடுங்கள். இதிலேயே பிரச்சினை முடிந்துபோனால் உங்கள் அதிர்ஷ்டம்.

மானிட்டரின் கேபிள் கிராபிக்ஸ் கார்டில் செருகியிருக்கிறதா, மதர்போர்டிலா? சிரிக்காதீர்கள், இது நிறையவே நடக்கும். மதர்போர்டில் செருகினால் பெரும்பாலும் படம் வரைவது பிராசசருக்குள் இருக்கும் சின்ன கிராபிக்ஸ்தான். அடுத்து, விண்டோஸின் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ரெஃப்ரெஷ் ரேட், அதாவது மானிட்டர் விநாடிக்கு எத்தனை முறை படத்தை மாற்றுகிறது என்பது, எவ்வளவு? 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை வாங்கிவிட்டு அதை 60-லேயே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

ரேம் விஷயம் இன்னும் முக்கியம். 3200 என்று எழுதிய டிடிஆர்4 ரேமை மாட்டினால் பெரும்பாலும் அது தானாக அந்த வேகத்தில் ஓடாது. பயாஸ் என்ற, கணினி தொடங்கும்போதே ஓடும் அடிப்படை மென்பொருளுக்குள் போய் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற வசதியை இயக்கும்வரை 2133 அல்லது 2400-லேயே கிடக்கும். சிபியு-இசட் மென்பொருளில் பார்த்தால் பாதி எண்தான் காட்டும். அங்கே 1600 என்று இருந்தால் 3200-இல் சரியாக ஓடுகிறது என்று அர்த்தம், பயப்பட வேண்டாம். ஒரே ஒரு ரேம் குச்சி மட்டும் இருந்தால் அதே மாதிரி இன்னொன்றைச் சேருங்கள். இரண்டு சேனலில் ஓடும்போது பிராசசர் தடையாக இருக்கும் கேம்களில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

வெப்பநிலையையும் கவனியுங்கள். விளையாடத் தொடங்கிப் பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு ஃபிரேம் சரிந்தால் சூடு காரணமாக இருக்கலாம். பிராசசர் 95 டிகிரியைத் தொட்டுக்கொண்டிருந்தால் தூசி தட்டி, பிராசசருக்கும் கூலருக்கும் இடையில் பூசும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

மானிட்டரைப் பார்த்து இலக்கை முடிவு செய்யுங்கள்

கடையில் கார்டு பார்ப்பதற்கு முன் மேஜையில் இருக்கும் மானிட்டரைப் பாருங்கள். 1080பி, 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் விநாடிக்கு 60 படத்துக்கு மேல் அது காட்டப்போவதில்லை. அதற்கு உயர்ரக கார்டு வாங்குவது வீண். அதே பணத்தில் நடுத்தரக் கார்டும் நல்ல மானிட்டரும் வாங்கினால் கண்ணுக்கு நிறைவு அதிகம். 1440பி திரையில் 100-க்கு மேல் ஃபிரேம் வேண்டுமென்பது இன்று நடுத்தரக் கார்டுகளுக்கு எட்டும் இலக்கு. 4கே என்றால் பணத்தின் பெரும்பகுதியைக் கார்டுக்கே ஒதுக்க வேண்டியிருக்கும், பிராசசர் சுமாராக இருந்தாலும் தப்பிவிடலாம். 240 ஹெர்ட்ஸ் மானிட்டரில் போட்டி கேம் ஆடுகிறவருக்கு நிலைமை நேர்மாறு.

கார்டுதான் தடை என்றால்

முதலில் கார்டின் நினைவகத்தைப் பாருங்கள், ஏனென்றால் இதில் தவறினால் பிறகு சரிசெய்ய வழியே இல்லை. கேமின் டெக்ஸ்சர்கள் (பொருள்களின் மேற்பரப்புப் படங்கள்) கார்டின் நினைவகத்தில் அடங்காதபோது கணினியின் ரேமிலிருந்து எடுத்து வர வேண்டியிருக்கும். அந்தப் பாதை எவ்வளவு குறுகலானது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: ஆர்டிஎக்ஸ் 4060 தன் சொந்த நினைவகத்திலிருந்து விநாடிக்கு 272 ஜிபி எடுக்கும். கார்டை இணைக்கும் பிசிஐஇ பாதையின் பழைய 3.0 பதிப்பு உள்ள மதர்போர்டில் ரேமிலிருந்து அதற்கு வரக்கூடியது விநாடிக்குச் சுமார் 8 ஜிபிதான். சராசரி ஃபிரேம் எண்ணிக்கை நன்றாகவே தெரியும், ஆனால் திரும்பும்போதெல்லாம் படம் ஒரு கணம் நின்று நின்று வரும். ஃபிரேம் நேர வரைபடத்தில் ஊசி ஊசியாக எழும்.

1080பி-க்கு 8 ஜிபி இன்னும் ஓடுகிறது, டெக்ஸ்சர் செட்டிங்கை ஒரு படி குறைக்கச் சம்மதம் என்றால். நான்கைந்து வருடம் வைத்திருக்க வாங்குகிறீர்கள், அல்லது 1440பி திரை என்றால் 12 அல்லது 16 ஜிபி-க்குப் போங்கள். என்னைக் கேட்டால், வேகத்தில் ஒரு படி கீழே இருந்தாலும் நினைவகம் கூடுதலாக உள்ள கார்டையே எடுப்பேன்.

பெயர்களில் கண்ணி இருக்கிறது. ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ, 5060 டிஐ, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி மூன்றுமே 8 ஜிபி, 16 ஜிபி என இரண்டு வகையில் வருகின்றன. அங்காவது வேறுபாடு நினைவக அளவோடு நிற்கிறது. ஆர்டிஎக்ஸ் 3060-இன் 8 ஜிபி வகையிலோ நினைவகத்தின் பாதையே 192 பிட்டிலிருந்து 128 பிட்டாகக் குறுகிவிட்டது. பெயர் மட்டும் அதேதான். பழைய ஜிடிஎக்ஸ் 1060-இன் 3 ஜிபி வகையில் கோர்களின் எண்ணிக்கையே குறைவு. பெட்டியில் உள்ள பெயரோடு நிற்காமல் முழு விவரத்தையும் படியுங்கள்.

மதர்போர்டு பழையதென்றால் இன்னொரு விஷயம். நீளமான கார்டு ஸ்லாட்டில் 16 தரவுப் பாதைகள் உண்டு, ஆனால் விலை குறைந்த கார்டுகள் எல்லாவற்றையும் பயன்படுத்துவதில்லை. ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 4060 போன்றவை 8 பாதைகளோடு நின்றுவிடுகின்றன. 2022-இல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வெறும் 4 பாதைகள் கொண்டது, பிசிஐஇ 3.0 போர்டில் அது மோசமாக அடிவாங்கும். 8 பாதை கார்டுகள் பழைய போர்டில் பெரும்பாலும் சமாளித்துவிடும், நினைவகம் நிரம்பி வழியாதவரை.

இன்டெல்லின் ஆர்க் கார்டுகள், குறிப்பாக 12 ஜிபி கொண்ட பி580, எண்களைப் பார்த்தால் ஆசை காட்டும். ஆனால் கார்டின் முழு நினைவகத்தையும் பிராசசர் ஒரேயடியாக அணுக விடும் ரீசைசபிள் பார் என்ற வசதி பயாஸில் இல்லாவிட்டால் அவை தளர்ந்துவிடும். இன்டெல் 10-ஆம் தலைமுறைக்கு முந்தைய பிராசசர் வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. பழைய பிராசசர்களோடு பி580-இன் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) ஒத்துப்போவதும் குறைவு.

2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமுக்கு ரே டிரேசிங் வசதியுள்ள கார்டு கட்டாயம். 2025-இல் வந்த டூம்: தி டார்க் ஏஜஸுக்கும் அப்படியே. செகண்ட் ஹேண்டில் ஜிடிஎக்ஸ் 1080 டிஐ மாதிரி ஒரு காலத்துச் சிங்கம் கிடைத்தாலும் இதை நினைத்துக்கொள்ளுங்கள், அதில் அந்த வசதி இல்லை.

டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போன்றவை கேமைச் சின்ன ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கிக் காட்டுகின்றன. 4கே திரையில் டிஎல்எஸ்எஸ்-ஐ பெர்ஃபார்மன்ஸ் நிலையில் வைத்தால் உள்ளே வரையப்படுவது 1080பி. கார்டின் சுமை குறைகிறது, ஆனால் பிராசசரின் சுமை அப்படியே. ஆக, கார்டு திணறிய இடத்தில் இதை இயக்கினால் பிராசசர் திணறத் தொடங்கலாம். நீங்கள் எழுதி வைத்த உச்ச எண்ணைத் தாண்டி இது கொண்டுபோகாது. ஃபிரேம் ஜெனரேஷன் என்பது வேறு: இடையில் செயற்கைப் படங்களைச் செருகுகிறது, எண்ணிக்கை இரட்டிப்பாகத் தெரியும், ஆனால் மௌசை அசைத்தால் கிடைக்கும் எதிர்வினை வேகமாவதில்லை. 60-க்கு மேல் ஏற்கெனவே ஓடும் கேமை இன்னும் வழுக்கலாக்க அது நல்லது. 30-இல் தவழும் கேமை அது காப்பாற்றாது. விளம்பரப் பட்டைகளில் வரும் எண்கள் ஃபிரேம் ஜெனரேஷனோடு எடுத்தவையா என்று பாருங்கள்.

எவ்வளவு வித்தியாசம் இருந்தால் மாற்றலாம்? நீங்கள் ஆடும் ரெசல்யூஷனில், இரண்டு கார்டுகளையும் ஒப்பிட்ட சோதனைகளில் 50 சதவீதமாவது கூடுதல் வேகம் தெரிய வேண்டும் என்பது என் கணக்கு. 20 சதவீதம் என்றால் பட்டியலில் அழகாகத் தெரியும், விளையாடும்போது மறந்துவிடும்.

பவர் சப்ளை

கார்டு வாங்குபவர்கள் கடைசியாக யோசிப்பதும் முதலில் யோசிக்க வேண்டியதும் இதுதான். ஸ்லாட் வழியாகக் கார்டுக்குக் கிடைப்பது 75 வாட். 6 பின் கேபிள் இன்னொரு 75 தரும், 8 பின் 150. புதிய 16 பின் இணைப்பு 600 வாட் வரை தாங்கும்.

புதுக் கார்டு என்றால் மின்சாரம் அதிகம் குடிக்கும் என்று பயப்படத் தேவையில்லை. 2016-இன் ஜிடிஎக்ஸ் 1060-க்கு 120 வாட் வேண்டும். அதைவிடச் சுமார் இரு மடங்கு வேகமான ஆர்டிஎக்ஸ் 4060-க்கு 115 போதும், 550 வாட் பவர் சப்ளை இருந்தால் சரி. உச்சத்தில் கதையே வேறு: ஆர்டிஎக்ஸ் 5090 மட்டும் 575 வாட் வரை இழுக்கும், 1000 வாட் பவர் சப்ளை வேண்டும் என்று அதைத் தயாரித்த நிறுவனமே சொல்கிறது. தயார்நிலையில் வாங்கிய அலுவலகக் கணினி என்றால் பவர் சப்ளையின் வடிவமே தனியாக இருக்கலாம், கார்டுக்கான கேபிளே இல்லாமலும் இருக்கலாம். அதற்கு 70 வாட்டில் ஓடும் ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி வகை ஒரு வழி. தனிக் கேபிள் கேட்காது.

பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் பட்டியலில் மொத்த வாட்டைவிட 12 வோல்ட் வரிசையில் எவ்வளவு தருகிறது என்பதைப் படியுங்கள். கார்டும் பிராசசரும் இழுப்பது அதிலிருந்துதான். 500 வாட் என்று பெரிதாக எழுதிவிட்டு 12 வோல்ட்டில் அதைவிட வெகு குறைவாகத் தரும் மலிவான பெட்டிகள் உண்டு. பவர் சப்ளையை மாற்றினால் பழைய கேபிள்களை அப்படியே விட்டுவிட்டுப் புதியதைச் செருகிவிடலாம் என்று நினைக்காதீர்கள். பவர் சப்ளை பக்கத்து முனையில் கம்பிகளின் வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். முனை கச்சிதமாகப் பொருந்தும், உள்ளே மாட்டியிருக்கும் டிஸ்க் கருகிப்போகும்.

பிராசசர்தான் தடை என்றால்

இங்கே உங்கள் ஆசையைவிட மதர்போர்டுதான் முடிவு செய்யும். சிபியு-இசட்டைத் திறந்து மெயின்போர்டு பக்கத்தில் போர்டின் முழுப் பெயரையும் பயாஸ் பதிப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த போர்டைத் தயாரித்தவரின் தளத்தில் எந்தெந்தப் பிராசசரை அது ஏற்கும், எந்த பயாஸ் பதிப்பிலிருந்து ஏற்கும் என்ற பட்டியல் இருக்கும். அதுதான் இறுதித் தீர்ப்பு.

ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் பிராசசர்களை மாட்டும் ஏஎம்4 சாக்கெட் வைத்திருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். 2017-இல் முதல் ரைசனோடு வாங்கிய பல போர்டுகள், பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகு, ரைசன் 5000 வரிசையை ஏற்றுக்கொள்கின்றன. ரைசன் 5 1600-லிருந்து 5 5600-க்குப் போனால் வேறு கணினி மாதிரி இருக்கும், போர்டும் ரேமும் அதேதான். அந்தச் சாக்கெட்டின் உச்சம் 2022-இல் வந்த 5800எக்ஸ்3டி-யும் அதன் தம்பி 5700எக்ஸ்3டி-யும். எக்ஸ்3டி என்றால் பிராசசருக்குள்ளேயே இருக்கும் அதிவேக கேஷ் நினைவகத்தை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். சாதாரண 5800எக்ஸில் 32 எம்பி, இதில் 96. கேம்கள் சின்னச் சின்னத் தரவுகளைத் திரும்பத் திரும்பத் தேடுவதால் இது அவற்றுக்கு அமிர்தம். வீடியோ எடிட்டிங்குக்கு இதனால் பெரிய லாபமில்லை.

இன்டெல் பக்கம் கவனம் தேவை. எல்ஜிஏ 1151 என்ற ஒரே பெயரில் இரண்டு உலகங்கள்: 6, 7-ஆம் தலைமுறைகள் ஒரு வகை போர்டில், 8, 9-ஆம் தலைமுறைகள் வேறு வகை போர்டில். பின் எண்ணிக்கை ஒன்றுதான், ஆனால் மாற்றிப் போட்டால் ஓடாது. எல்ஜிஏ 1200-இல் 10, 11. எல்ஜிஏ 1700-இல் 12, 13, 14. அந்தக் கடைசிச் சாக்கெட்டில் ஐ3-12100 வைத்திருப்பவர் ஐ5-13400 அல்லது ஐ5-14400-க்கு எளிதாக ஏறலாம். 13, 14-ஆம் தலைமுறையின் பெரிய பிராசசர்களைச் செகண்ட் ஹேண்டில் வாங்குவதென்றால் யோசியுங்கள்: அதிக வோல்டேஜால் அவற்றில் சில காலப்போக்கில் கெட்டுப்போயின, 2024-இல் இன்டெல் பயாஸ் வழியாகத் திருத்தம் தந்தது, ஆனால் ஏற்கெனவே கெட்டுப்போனதை அந்தத் திருத்தம் மீட்காது.

உங்கள் போர்டில் ஏற வழியே இல்லை என்றால் போர்டு, ரேம், பிராசசர் மூன்றையும் மாற்ற வேண்டும். அப்போது பிராசசரின் விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஏஎம்4-க்கு அடுத்து வந்த ஏஎம்5 போர்டுகளில் டிடிஆர்5 மட்டுமே ஓடும், பழைய ரேம் பயன்படாது. 2027-க்கும் அப்பால் அந்தச் சாக்கெட்டைத் தொடர்வோம் என்று ஏஎம்டி சொல்லியிருப்பதால், இப்போது ரைசன் 5 7600 மாதிரி ஒன்றில் தொடங்கிப் பிறகு பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். எல்ஜிஏ 1700-இல் டிடிஆர்4 போர்டுகளும் உண்டு, பழைய ரேமைக் காப்பாற்ற அது ஒரு குறுக்கு வழி.

கேமுக்கு எத்தனை கோர்? ஆறு போதும், எட்டு சௌகரியம். பழைய தலைமுறையின் பன்னிரண்டு கோரைவிடப் புதிய தலைமுறையின் ஆறு கோர் கேமில் பெரும்பாலும் முந்தும். பெயரின் முடிவில் எஃப் இருந்தால் உள்கிராபிக்ஸ் கிடையாது. கார்டு பழுதானால் திரையில் ஒன்றும் வராது என்பதைத் தெரிந்து வாங்குங்கள். பெட்டியோடு கூலர் வருகிறதா என்பதையும் பாருங்கள். 5800எக்ஸ்3டி, 7800எக்ஸ்3டி போன்றவற்றோடு வருவதில்லை.

மாட்டும் நாள்

பிராசசரை மாற்றுவதென்றால் பழைய பிராசசர் இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிடுங்கள். புதியதை மாட்டிவிட்டுத் திரை வராமல் விழிப்பதைவிட அது எளிது. விண்டோஸில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் வசதி) இயங்குகிறதா என்றும் பாருங்கள். பிராசசரை மாற்றும்போது அதற்குள் இருக்கும், பூட்டின் சாவியைக் காக்கும் டிபிஎம் மாறிவிடுவதால் கணினி மீட்புக் குறியீடு கேட்கும். முன்கூட்டியே பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவிடுங்கள் அல்லது குறியீட்டை வேறிடத்தில் எழுதி வையுங்கள்.

ஏஎம்4-இல் கூலரைக் கழற்றும்போது ஒரு ஆபத்து. அந்தப் பிராசசரின் அடியில்தான் பின்கள். காய்ந்துபோன பேஸ்ட் பசை மாதிரி பிடித்துக்கொள்ள, கூலரை நேராக இழுத்தால் சாக்கெட் பூட்டியிருக்கும்போதே பிராசசரும் கையோடு வந்து, பின்கள் வளைந்துவிடும். கழற்றுவதற்கு முன் பத்து நிமிடம் ஏதாவது கனமான கேமை ஓட்டி பேஸ்ட்டைச் சூடாக்குங்கள். கணினியை அணைத்து, மின் இணைப்பை எடுத்து, திருகுகளைத் தளர்த்தி, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகுங்கள். பிடி விட்டது கையில் தெரியும். அப்புறம் தூக்குங்கள். இன்டெல்லிலும் ஏஎம்5-இலும் பின்கள் போர்டில் இருப்பதால் அங்கே விரலோ துணியோ சாக்கெட்டுக்குள் படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கார்டு என்றால் கேபினெட்டில் உள்ள இடத்தை மில்லிமீட்டரில் அளந்துவிட்டு வாங்குங்கள். முன்பக்க விசிறியின் தடிமனைக் கழிக்க மறக்காதீர்கள். ஒரு நிறுவனத்தின் கார்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறீர்கள் என்றால் பழைய டிரைவரை டிடியு மென்பொருளால் சுத்தமாக நீக்கிவிடுங்கள். ஸ்லாட்டின் ஓரத்தில் சின்ன பிளாஸ்டிக் பூட்டு இருக்கிறது, அதை அழுத்தாமல் பழைய கார்டை இழுத்தால் ஸ்லாட்டே பெயர்ந்துவிடும். 8 பின் கேபிள்களில் பிராசசருக்கானது நாலும் நாலுமாகப் பிரியும், கார்டுக்கானது ஆறும் இரண்டுமாகப் பிரியும், குழப்பிக்கொண்டு திணிக்காதீர்கள். 16 பின் இணைப்பை இடைவெளி தெரியாத அளவுக்கு முழுக்க அழுத்துங்கள், முனைக்குப் பக்கத்திலேயே கேபிளை மடிக்காதீர்கள். 2022-இல் ஆர்டிஎக்ஸ் 4090-களில் சில முனைகள் உருகியதற்கு அரைகுறையாகச் செருகியது ஒரு காரணமாகக் கண்டறியப்பட்டது.

கணினி இயங்கியதும் முதலில் பயாஸுக்குள் போங்கள். அப்டேட் செய்த பயாஸ் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கியிருக்கும்: எக்ஸ்எம்பி அணைந்திருக்கும், ரீசைசபிள் பார் அணைந்திருக்கலாம், செக்யூர் பூட் (Secure Boot) என்ற பாதுகாப்பு வசதியும் அணைந்திருக்கலாம். செக்யூர் பூட் இல்லாவிட்டால் விண்டோஸ் 11-இல் வேலரன்ட் திறக்கவே மறுக்கும். பிறகு புது டிரைவர், ரெஃப்ரெஷ் ரேட், அதற்கடுத்து முன்பு அளந்த அதே கேம்கள், அதே இடங்கள். பிராசசரை மாற்றியிருந்தால் 720பி-இல் எழுதி வைத்த உச்ச எண் ஏறியிருக்க வேண்டும். கார்டை மாற்றியிருந்தால் உங்கள் வழக்கமான ரெசல்யூஷனில் கிடைக்கும் எண் அந்த உச்சத்தை நெருங்கியிருக்க வேண்டும். ஒன்றுமே நகரவில்லையென்றால் மானிட்டர் கேபிளை இன்னொரு முறை பாருங்கள். இரண்டு வாரம் ஒழுங்காக ஓடிய பிறகு பழைய கார்டை விற்கலாம். அதுவரை பெட்டியில் இருக்கட்டும், புதியதில் ஏதாவது கோளாறு வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.